மாற்றப்படாத கட்டளைகள்

நமது சிற்றிதழ்களைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஓர் அறிவித்தல் மனப்பாடமாயிருக்கும். பின்னட்டையின் உட்புறத்தில், ஆசிரியரின் முகவரிக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும். சந்தாவைக் காசுக்கட்டளையாக அனுப்புகிறவர்கள் இன்ன தபாற்கந்தோரில் மாற்றக்கூடியதாக அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. கதை, கவிதை எல்லாவற்றுக்கும் முன்பு நான் அதைத்தான் வாசிப்பேன். தொழில் பழக்கம். 1971 இல் தபால் திணைக்களத்தில் சேர்ந்து, ஆறு ஊர்களில் வேலை பார்த்து, 2009 இல் ஓய்வு பெற்றவன் நான். ஒரு சஞ்சிகை எந்தத் தபாற்கந்தோரைக் குறிப்பிடுகிறது என்று இதழுக்கு இதழ் கவனித்து வந்தால், ஆசிரியர் இடமாற்றம் பெற்றது, வாடகை வீடு மாறியது, சில வேளை அவருக்கும் வெளியீட்டாளருக்கும் மனஸ்தாபம் வந்தது கூடத் தெரிந்துவிடும்.

ஓய்வுக்குப் பிறகும் காசுக் கடதாசிகளோடுதான் எனக்குச் சகவாசம். ஆனால் நான் சேர்ப்பது காசுக்கட்டளை அல்ல, போஸ்டல் ஓடர். அதுவும் முன்னர் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த நாடுகளில் விற்கப்பட்டவை. முத்திரை சேர்ப்பவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாணயம் சேர்ப்பவரையும் தெரியும். போஸ்டல் ஓடர் சேர்ப்பவன் என்று சொன்னால், "அதில என்ன சேர்க்கிறதுக்கு இருக்கு?" என்று கேட்பார்கள். பிரித்தானியாவில் இதற்கென்றே 1985 இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, தபால் மூலம் ஏலம் நடத்துகிறார்கள் என்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. காசுக்கட்டளையில் அனுப்புநர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். அவர் பெயர், பெறுநர் பெயர், தொகை எல்லாம் பதிவாகின்றன. காசு கொடுக்க வேண்டிய கந்தோருக்கு, பழைய முறையில், தனியாக ஓர் அறிவித்தல் போகும். அங்குள்ள எழுதுவினைஞர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசை எண்ணுவார். போஸ்டல் ஓடருக்கு இந்தச் சடங்குகள் இல்லை. தொகை ஏற்கெனவே அச்சிடப்பட்ட தாள் அது. கருமபீடத்தில் காசையும் சிறிய தரகையும் கொடுத்தால், திகதி முத்திரை குத்தித் தருவார்கள். பெறுநரின் பெயரை நாமே எழுதி, கடித உறையில் வைத்து அனுப்பிவிடலாம். வாங்கியவர் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. அவரிடம் ஓர் அடிக்கட்டை மட்டும் எஞ்சும்.

இதைக் கொண்டுவந்த காரணம் மிகவும் எளியது. பிரித்தானியத் தபால் நிலையம் 1838 இல் காசுக்கட்டளையைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஐந்து சிலிங் அனுப்பினாலும் ஐந்து பவுண் அனுப்பினாலும் அதே பதிவு, அதே அறிவித்தல், அதே எழுதுவினைஞர். சிறு தொகைகளில் தரகாக வாங்கியதைவிடச் செலவு கூடிப்போனது. ஏழைகள் அனுப்பியதோ சிறு தொகைகளைத்தான். கணக்குப் பகுதியின் தலைவராயிருந்த ஜோர்ஜ் செட்விண்ட் என்பவர், அறிவித்தல் தேவைப்படாத ஒரு கடதாசியைத் திட்டமிட்டார். அதைச் சட்டமாக்கி, 1881 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அன்றைய தபால் மா அதிபர் ஹென்றி ஃபோசெட். இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 25 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில், சொந்தத் தந்தையின் துப்பாக்கிச் சிதறல் பட்டு இரு கண்களையும் இழந்தவர். அதன் பிறகே பொருளியல் பேராசிரியராகி, பாராளுமன்றம் சென்று, தபால் மா அதிபரானார். ஒரு சிலிங் முதல் இருபது சிலிங் வரை பத்து விதப் பெறுமதிகளில் அவர் வெளியிட்ட தாள்களை அவர் கண்ணால் கண்டதில்லை.

வங்கிக்காரர்கள் அப்போது இதை விரும்பவில்லை. இது மெல்ல மெல்ல நாணயத்தாள் போலக் கைமாறத் தொடங்கிவிடும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயம் வீணல்ல என்பதை 1914 ஓகஸ்ட் காட்டியது. போர் மூண்டதும் தங்க நாணயத்தை மக்கள் பதுக்கினார்கள். அச்சடித்த தாள் போதவில்லை. அரசாங்கம் போஸ்டல் ஓடரையே சட்டரீதியான நாணயமாகப் பிரகடனம் செய்தது. 1939 இல் அடுத்த போர் தொடங்கியபோதும் சில மாதங்களுக்கு அப்படிச் செய்தார்கள். தபாற்கந்தோர்க் கடதாசியைக் கொடுத்துக் கடையில் பாண் வாங்கிய காலம் அது.

இதே போர்க்காலத்துத் தாளொன்று என் கைக்கு எட்டாத கனவாக இன்றும் இருக்கிறது. அது போஸ்டல் ஓடர் அல்ல. 1915 இல் கலிப்பொலிப் படையெடுப்புக்குப் போன துருப்பினருக்காகப் பிரித்தானியத் திறைசேரித் தாளின் மீது உதுமானிய எழுத்தில் மேலச்சு அடித்தார்கள். பத்துச் சிலிங் தாளில் அறுபது வெள்ளிப் பியாஸ்தர், ஒரு பவுண் தாளில் நூற்றிருபது. ஜோர்ஜ் மன்னரின் முகமும், நமது பள்ளிக்கூட ஓதலில் பழகிய அதே எழுத்தும் ஒரே தாளில். கலீபாவின் நாட்டைப் பிடிக்கப் போகிறவர்கள், பிடித்த பிறகு கடைத்தெருவில் செலவழிக்க அவருடைய எழுத்திலேயே காசு அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த முன்யோசனையை நினைத்தால் ஒருபக்கம் சிரிப்பு வரும், மறுபக்கம் எரிச்சல் வரும். படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். விலை என் ஓய்வூதியத்துக்கு ஏற்றதல்ல.

போஸ்டல் ஓடர் கப்பலேறியதும் பேரரசின் துறைமுகங்களுக்குத்தான். ஜிப்ரால்டர், மோல்ற்றா போன்ற இடங்களில் விற்ற தாள் பெரும்பாலும் இலண்டனில் விற்ற அதே தாள். எங்கே விற்றது என்பதைத் திகதி முத்திரை மட்டுமே சொல்லும். ஆகவே இதைச் சேர்ப்பவனுக்குத் தாளின் அழகு முக்கியமல்ல, அந்த வட்டமான கறுப்பு மை முக்கியம். மை தெளிவாக விழாமல் இருந்தால் பூதக்கண்ணாடியோடு ஒரு மாலைப் பொழுது போய்விடும். என் மனைவி அதைத் "தஸ்பீஹ் இல்லாத திக்ர்" என்பாள்.

பிறகு நாடுகள் சுதந்திரம் பெற்றன. கொடி மாறியது, தலை மாறியது. போஸ்டல் ஓடர் மட்டும் பல இடங்களில் மாறாமல் நின்றது. நைஜீரியாவின் பழைய ஓடர்கள் சிலிங்கில் இருக்கும். 1973 இல் நைரா வந்தபின் வந்தவை நைராவில். தாளின் வடிவமைப்போ ஃபோசெட்டின் காலத்து ஆளையே ஞாபகப்படுத்தும். இந்தியாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 2005 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, விண்ணப்பக் கட்டணமான பத்து ரூபாவைச் செலுத்தும் வழிகளில் ஒன்றாக இந்தியன் போஸ்டல் ஓடரும் அமைந்தது. வெள்ளைக்காரன் சேவகர்களுக்காகவும் சிப்பாய்களுக்காகவும் கொண்டுவந்த கடதாசியைக் கொண்டு, எங்கள் ஊர்த் தெருவுக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று குடிமகன் அரசாங்கத்தைக் கேட்கிறான். என் தொகுப்பில் அப்படியொரு பத்து ரூபா ஓடர் உண்டு. சென்னைக்குப் போன நண்பர் வாங்கி வந்தது. எந்தக் கேள்வியோடும் அது போகவில்லை என்பது ஒரு குறைதான்.

இலங்கையில் நாங்கள் 1872 இலேயே ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறிவிட்டவர்கள். ஆனாலும் இலண்டனிலிருந்து ஒரு புத்தகம் எடுப்பிக்க, ஏதாவதொரு சோதனைக்குக் கட்டணம் கட்ட, பிரித்தானியப் போஸ்டல் ஓடர் தேவைப்பட்டது. 1953 இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் வெளிநாட்டுக் காசு என்றாலே கேள்வியும் படிவமும்தான். அந்தச் சட்டமே 2017 இல் போய்விட்டது. நான் கருமபீடத்தில் அமர்ந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் வந்து, தான் வாலிபத்தில் ஆறு பெனி ஓடர்களாக அனுப்பி ஓர் அகராதி எடுப்பித்த கதையை எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவையில் அகராதி இரண்டு பாகமாகிவிட்டது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு முத்திரை உங்கள் கைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் அது ஒட்டப்பட்ட கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். போய்ச் சேர்ந்த இடத்தில் யாரோ உறையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்திருப்பார்கள். போஸ்டல் ஓடர் இதற்கு நேர்மாறு. அதை மாற்றிவிட்டால் கந்தோர் அதை எடுத்துக்கொள்ளும். அன்றைய கணக்கோடு சேர்த்துக் கட்டி மேலிடத்துக்கு அனுப்பும். அங்கே சரிபார்த்து, வைக்க வேண்டிய காலம் வைத்து, பிறகு அழித்துவிடுவார்கள். அப்படிக் கட்டிய கட்டுகளை நானே எத்தனை அனுப்பியிருப்பேன். ஆகவே சேர்ப்பவர்களின் கையில் இருக்கும் போஸ்டல் ஓடர் அநேகமாக மாற்றப்படாத ஓடர். யாரோ காசு கொடுத்து வாங்கி, இன்னாருக்கென்று நினைத்து, அந்த இன்னாருக்குப் போய்ச் சேராத பணம். மாதிரிக்காக அச்சடித்தவை, ஞாபகார்த்தமாக வாங்கி வைத்தவை என்று சில விதிவிலக்குகள் உண்டு. என் தொகுப்பில் பெயர் எழுதப்பட்ட ஓடர்கள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெறுநர் இருந்திருக்கிறார். ஒவ்வொருவரும் காத்திருந்தாரா, காத்திருக்கவில்லையா என்பது தாளில் இல்லை.

ஜிப்ரால்டரில் வாங்கிய ஒரு சிலிங் ஓடர் ஒன்று, இங்கிலாந்திலுள்ள கால்பந்துப் பந்தய நிறுவனமொன்றின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு சிப்பாய், அந்த வாரம் அனுப்ப மறந்திருப்பான். அது சூதாட்டக் காசு. அது போய்ச் சேராததில் எனக்குத் துக்கமில்லை. ஆனால் மற்றவை அப்படியல்ல.

மாற்றியவர் யார் என்ற கேள்வி ஒரு பிள்ளையின் வாழ்வையே ஆட்டிவைத்த கதை இங்கிலாந்தில் நடந்தது. 1908 இல், ஒஸ்போன் கடற்படைக் கல்லூரியில் ஜோர்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்ற 13 வயது மாணவன், சகமாணவனின் ஐந்து சிலிங் போஸ்டல் ஓடரைத் திருடிக் கையெழுத்திட்டு மாற்றினான் என்று குற்றஞ்சாட்டி வெளியேற்றினார்கள். அதே தினம் அவன் தனக்கென்று பதினைந்து சிலிங் ஆறு பெனிக்கு ஓர் ஓடர் வாங்கியிருந்தான். இரண்டு அலுவலையும் செய்தவன் ஒரே பையன்தான் என்று தபாற்கந்தோர்ப் பெண்மணி சொன்னார். தகப்பன் விடவில்லை. சேர் எட்வேர்ட் கார்சன் வழக்கை எடுத்தார். 1910 இல் நீதிமன்றத்தில் அந்தப் பெண்மணியைக் குறுக்கு விசாரணை செய்தபோது, எல்லாப் பையன்களும் ஒரே சீருடையில் ஒரே மாதிரி இருப்பார்கள், முகம் நினைவில்லை என்பது வெளிவந்தது. அரச தரப்பு அவன் நிரபராதி என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் நட்டஈடும் கொடுத்தார்கள். 1914 ஒக்டோபரில் ஈப்பர் போர்முனையில் அவன் கொல்லப்பட்டபோது வயது 19. டெரன்ஸ் ரட்டிகன் 1946 இல் இதை வைத்துத்தான் 'த வின்ஸ்லோ போய்' நாடகத்தை எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பையனின் பக்கம் நிற்பார்கள். நியாயம்தான். ஆனால் கருமபீடத்தின் உட்புறத்தில் வருடக்கணக்காக இருந்தவன் என்ற முறையில், எனக்கு அந்தப் பெண்மணியின் மீதும் ஓர் இரக்கம் உண்டு. கந்தோருக்குள் இருப்பவருக்கு எதிரே வருவது முகமல்ல, கை. கையும் அதிலுள்ள கடதாசியும். காசை எண்ணும்போது காசைத்தான் பார்ப்போம். முகத்தைப் பார்த்திருந்தால் கணக்குப் பிழைத்திருக்கும்.

என் தொகுப்பில் எனக்கு மிகவும் சங்கடம் தந்த ஓடர் எந்த ஏலத்திலும் வாங்கியதல்ல. 2001 இல் மருதானை நடைபாதையில் ஒரு பழைய புத்தகக் குவியலிலிருந்து வந்தது. அறபுத்தமிழில் கல்லச்சில் அடித்த ஒரு தொழுகை விளக்க நூலை எடுத்தேன். நூற்றைம்பது ரூபா கேட்டார், நூறுக்குத் தந்தார். வீட்டில் வந்து பிரித்தபோது, நடுப்பகுதியில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தானியப் போஸ்டல் ஓடர், பத்துச் சிலிங். கார்டிஃப் திகதி முத்திரை, 1951. பெறுநராக ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர், ஆங்கிலத்தில், கப்பல்காரர்களின் தடித்த பெரிய எழுத்தில். மாற்ற வேண்டிய கந்தோர் நமது தென்கரையில் ஓர் ஊர். பெயரையும் ஊரையும் எழுத எனக்கு உரிமையில்லை. நூலின் முதற் பக்கத்தில் அதே பெயர், அறபுத்தமிழில், ஒரு பெண்ணின் கவனமான கையெழுத்தில் இருந்தது.

அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு ரூபா ஒரு சிலிங் ஆறு பெனி. பத்துச் சிலிங் என்றால் ஆறு ரூபா அறுபத்தாறு சதம். சிறிய குடும்பமொன்றுக்கு அது அற்பக் காசல்ல.

அந்த ஊர்த் தபாலதிபர் என்னோடு பயிற்சி பெற்றவர். விசாரிக்கச் சொன்னேன். விசாரிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பெண் மௌத்தாகி நெடுங்காலம். மகள் ஒருவர் இருக்கிறார். கணவர் 1949 இல் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை, ஒரு சதம் அனுப்பவில்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. மூத்த மகன் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவப் போனார். கடைசிவரை வாப்பாவின் பெயரை வாயில் எடுக்காமலே அவரும் மௌத்தாகிவிட்டார்.

தொலைபேசியை வைத்தபின் நான் கனநேரம் அந்த இடத்திலேயே இருந்தேன். ஓடரை மட்டும் பார்த்தால் நல்ல செய்தி. வாப்பா அனுப்பியிருக்கிறார். குறைந்தது ஒரு தடவையாவது. ஆனால் அது கிடந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறு செய்தி. காசு வந்திருக்கிறது. உம்மாவின் கைக்கு வந்து, உம்மாவின் கிதாபுக்குள் போயிருக்கிறது. மகன் கோப்பை கழுவிய அதே வருடத்தில்.

"ஓடரை மட்டும் குடுங்க. கிதாபு உங்களோட இருக்கட்டும்" என்றாள் மனைவி. தபாலில் எங்கேயோ தவறிக் கிடந்து இப்போதுதான் கிடைத்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டுமே என்பது அவள் எண்ணம். அவள் மனம் இளகியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அமானிதம் என்பது நமக்குப் பிடித்த பாதியைக் கொடுப்பதல்ல. இரண்டும் அந்த வீட்டுக்குரியவை. அதே நேரத்தில், கேட்காத ஒருவரிடம் அவருடைய உம்மாவைப் பற்றி ஒரு சாட்சியத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் யார் என்றும் இருந்தது. தீர்மானிக்க முடியாமலே 2003 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். பையில் இரண்டும் இருந்தன.

அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். கடலைப் பார்த்த வீடு. ரீயும் வட்டிலப்பமும் வைத்து உபசரித்தார். என்னை மகன் என்றார், எனக்கும் அவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்றாலும். முதலில் ஓடரைக் கொடுத்தேன். ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஊரையும் திகதியையும் நான் சொன்னேன். பெயரையும் சொன்னேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாப்பா சல்லி அனுப்பல்லண்டுதான் உம்மா எந்த நாளும் செல்லிய. நானாவும் அப்பிடித்தான் செல்லிய."

"இது அவர் அனுப்பியதுதான்."

"இது எங்க மகன் ஈந்த?"

அந்தக் கேள்விக்கு என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து கிதாபை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முதற் பக்கத்தைத் திறந்தார். அறபுத்தமிழ் அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். உம்மாவின் பெயரை விரலால் தடவினார். அந்தப் பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

கிழவிகள் கடதாசி மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பழைய மடிப்பிலேயே விரல் போகும். ஓடரை அப்படியே நான்காக மடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இத இப்ப மாத்தினா எவ்வளவு வரும்?"

இங்கிலாந்தில் 1971 இல் சிலிங் போய்விட்டதென்றும், பத்துச் சிலிங் என்பது இப்போது ஐம்பது பென்ஸ் என்றும், கெடு கடந்த ஓடர் என்பதால் அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். தொழில்காரனின் பதில்தான். அந்த இடத்தில் வேறென்ன பதில் என்னிடம் இருந்தது? அவர் சிரித்தார். கிதாபை மடியில் வைத்துக்கொண்டு, மடித்த ஓடரை என் கையில் திருப்பித் தந்தார்.

"நீங்க வெச்சிக்கோங்க மகன். உம்மா எடுக்காத சல்லிய நான் எடுக்கியல்ல."

உம்மா ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆறு ரூபாவை அனுப்பிவிட்டுத் தான் வராமலிருந்தவர் மீது கோபமா, அதை மாற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்ததாகிவிடும் என்று எண்ணினாரா, அல்லது அந்நிய ஊர்க் கந்தோர் மனிதர்முன் போய் நின்று கையொப்பமிட அக்காலத்துப் பெண் ஒருத்திக்கு வழியிருக்கவில்லையா. மூன்றாவது காரணத்தை நான் இலேசில் ஒதுக்க மாட்டேன். கருமபீடத்தின் வெளிப்புறத்தில் தூணோடு ஒதுங்கி, ஆண்கள் போய் முடியட்டுமென்று காத்து நின்ற எத்தனையோ உம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். சிலர் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனதையும் கண்டிருக்கிறேன். கூப்பிட்டு விசாரித்தால், "பொறகு வாறன் மகன்" என்பார்கள்.

2004 டிசம்பர் 26 இல் கடல் அந்த வீட்டின் முன்பகுதியைக் கொண்டுபோனது. அவர் அன்று மாத்தளையில் மகளுடைய வீட்டில் இருந்ததால் தப்பினார். அலுமாரியும் அதிலிருந்த கிதாபும் போய்விட்டன. இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சலாம் சொன்னார், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், பிறகு கேட்டார்:

"மகன், அந்தக் கடதாசி உங்களிட்ட ஈக்கிதா?"

"இருக்கிறது உம்மா. அனுப்பவா?"

"வாணாம். ஈந்தாச் சரி."

இப்போது எனக்குள்ள பிரச்சினை சேகரிப்பாளனுடையது. ஓடர்களை வகைப்படுத்தும்போது விற்ற கந்தோரை வைத்துத்தான் நாட்டைத் தீர்மானிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் இது கார்டிஃப், ஆகவே பிரித்தானியா. என் அல்பங்களோ குடியேற்ற நாடுகளுக்கு மட்டுமானவை. பிரித்தானியாவுக்கு அவற்றில் பக்கம் கிடையாது. காசு கொடுத்த கந்தோரின் திகதி முத்திரை விழுந்திருந்தால் இலங்கைப் பக்கத்தில் வைக்க ஒரு நியாயம் இருந்திருக்கும். தாளின் கீழ்ப்புறத்தில் அதற்கென்று விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது. பேரன் ஒருவன், "இலங்கைப் பக்கத்திலேயே வைங்க வாப்பப்பா, யார் வந்து பார்க்கப் போறாங்க" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். ஆனாலும் முப்பத்தெட்டு வருடம் தபால் திணைக்களத்தில் இருந்தவனுக்கு, முத்திரை விழாத ஒன்றை விழுந்ததாக வைத்துக்கொள்ள மனம் வருவதில்லை. அது இன்னும் மேசை இலாச்சியில், தனி உறையில், நான்காக மடித்தபடி கிடக்கிறது. தாளை விரித்து வைப்பதே பேணுவதற்கு நல்லது என்று எனக்குத் தெரியும். அவர் மடித்துத் தந்ததை நான் விரிக்கவில்லை.